தண்டவாளப் பிரிவில் ஒரு சுருட்டு

என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு நின்றபடியே சாப்பிடுவேன். டிவி நாடகத்தையும் கதவோரம் நின்றுதான் பார்ப்பேன். "கொஞ்சம் உக்காருங்களேன் அத்தை, பாக்குற எனக்கே தலை சுத்துது" என்கிறாள் மருமகள். சுற்றட்டும். அவள் தண்டவாளத்துக்கு நடுவில் நின்று வேலை பார்த்தவள் இல்லை. டீசல் இஞ்சின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வரும்போது குந்திக்கொண்டிருந்தால் கால் போய்விடும். அந்தப் பயம் உடம்பில் ஊறிவிட்டது.

மலாயாவில், புக்கிட் ரோத்தானுக்கு உட்புறம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் எனக்குக் கம்பி மாற்றுகிற வேலை. செம்பனைக் காட்டில் வெட்டிய பழக்குலைகள் சின்ன ரயில் பெட்டிகளில் எண்ணெய் ஆலைக்கு வரும். ஆலைக்கு முன்னால் இருந்த யார்டில் தண்டவாளம் மூன்றாகப் பிரியும். ஒன்று ஆலையின் வாசலுக்கு, ஒன்று காலிப் பெட்டிகள் நிற்க, இன்னொன்று எண்ணெய்ப் பீப்பாய்களோடு ஆற்றங்கரைக்கு. பிரிகிற இடத்தில் இரும்புக் கைப்பிடி ஒன்று இருக்கும். இஞ்சின் வருவதற்குள் அதைத் தூக்கி அந்தப் பக்கம் போட வேண்டும். போடாவிட்டால் பழம் போக வேண்டிய பெட்டி ஆற்றுக்குப் போகும்.

காட்டுக் கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டதும், முன்பு அந்த வேலையைப் பார்த்த ஆள் காவல் படையில் துப்பாக்கி தூக்கப் போய்விட்டார். அவர் இடத்துக்கு நான் வந்து நின்றபோது வேலையாட்களை மேற்பார்க்கிற மண்டோர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பொம்பளைக்கு இது ஒத்து வருமா?" என்றார். "உங்க வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு நீங்க ஒரு தடவ தூக்கிப் போடுங்க, அப்புறம் நான் தூக்குறேன், யாருக்கு ஒத்து வருதுன்னு பாப்போம்" என்றேன். அதற்குப் பிறகு அவர் வாயைத் திறக்கவில்லை.

இஞ்சின் ஓட்டினது என் வீட்டுக்காரர். அதற்கு முன் விறகு போட்டு ஓட்டுகிற நீராவி இஞ்சின் இருந்தது. அதன் பொறி பறந்து பறந்து என் சேலைகளெல்லாம் ஓட்டை. டீசல் வந்தபோது நான் சந்தோஷப்பட்டேன். கூரை போட்ட மாட்டுவண்டி அளவுதான் இருக்கும், பச்சைச் சாயம் அடித்தது. முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்றிச் சுற்றிக் கிளப்ப வேண்டும். கிளம்புகிற வேகத்தில் கைப்பிடி திருப்பி அடிக்கும். ஆனால் கிளம்பிவிட்டால் போதும், நாள் முழுக்க இழு, தள்ளு, நிறுத்து, மறுபடி இழு என்று ஓயாது. பெட்டியும் பெட்டியும் மோதுகிற சத்தம் நாங்கள் குடியிருந்த லயம் வரைக்கும் கேட்கும்.

எங்கள் பேச்செல்லாம் கையாலும் ஹாரனாலும்தான். நான் கையை உள்ளே வீசினால் அவர் வர வேண்டும், மேலே தூக்கினால் நிற்க வேண்டும். காலையில் வீட்டில் ஏதாவது சொல்லியிருந்தேன் என்றால் நான் கை தூக்கியதைக் காணாதவர் மாதிரி இரண்டடி கூடத் தள்ளிவிட்டுத்தான் நிறுத்துவார். நானும் விடமாட்டேன். அடுத்த தடவை கம்பியை மாற்றாமல் வேண்டுமென்றே சேலையைச் சரி செய்துகொண்டு நிற்பேன். ஹாரனை அழுத்து அழுத்து என்று அழுத்துவார். பெட்டிகளுக்குக் கொக்கி மாட்டுகிற பையன், இருபது வயதிருக்கும், "அண்ணே, அண்ணி, ஒங்க சண்டையில என் வெரல் போயிடும்" என்று கத்துவான்.

சிரித்துக்கொண்டுதான் சொல்கிறேன், ஆனால் சிரிக்கிற காலமாக அது இல்லை. லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி. வேலிக்கு வெளியே போகிறவர்களைக் கேட்டில் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். ஒரு பிடி அரிசியோ சோறோ வெளியே போகக் கூடாது. காட்டுக்குள் ஒளிந்திருக்கிறவர்களுக்கு அது போய்ச் சேரும் என்று சட்டம். செம்பனைக் காட்டில் வேலை செய்கிறவர்கள் வெறும் வயிற்றோடு போய் வெறும் வயிற்றோடு திரும்பினார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்துப் போடுகிறார்கள், இஞ்சினைக் கொளுத்துகிறார்கள் என்று தோட்டத்துக்குத் தோட்டம் செய்தி வரும். அவர் இஞ்சினை வெளியே கொண்டு போனதிலிருந்து அதன் உறுமல் திரும்பி வருகிற வரைக்கும் என் கை சும்மா இருக்காது. கைப்பிடியைத் துடைப்பேன், எண்ணெய் போடுவேன், மறுபடியும் துடைப்பேன்.

இஞ்சினோடு காவலுக்கு ஒரு மலாய்க்காரத் தம்பி போனான். ஆற்றங்கரைக் கம்பத்தில், அதாவது மலாய்க்காரர் கிராமத்தில் வீடு, கல்யாணமாகிக் கைக்குழந்தை இருந்தது. முதல் பெட்டியில் மணல் மூட்டைகளை அடுக்கி அதன்மேல் துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பான், தேவைப்பட்ட இடத்தில் இறங்கிக் காவல் நிற்பான். தோட்டத்துப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவன், அரைகுறைத் தமிழ் பேசுவான். என்னை அக்கா என்பான்.

இப்போது முனியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வேலிக்கு வெளியே, காட்டோரத்தில், தண்டவாளம் இரண்டாகப் பிரிகிற இடத்தில் ஒரு பெரிய மரம். மரத்தடியில் கல்லும் சூலமும். தண்டவாளம் போட்டவர்கள் வைத்த முனியாண்டி. அந்தப் பிரிவை இஞ்சின் தாண்டும் முன் நின்று, ஒரு பிடி சோறும் ஒரு சுருட்டும் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அது எங்கள் இஞ்சின்காரர்களின் வழக்கம். டீசல் புதிதாக வந்தபோது என் வீட்டுக்காரர் அதை முனிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, சேவல் அறுத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, "இதுதான் இனிமே நம்ம இஞ்சின், நீதான் பாத்துக்கணும்" என்று ஆளை அறிமுகப்படுத்துவது போலச் சொன்னார். நான் கண்ணால் பார்த்தேன்.

போகும்போது வைப்பார். பழம் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது இலை காலியாக இருக்கும். சோறு போனால் பரவாயில்லை, காக்கை தின்றிருக்கும். சுருட்டும் இருக்காது. அதில்தான் அவருக்கு அத்தனை பெருமை. "பாத்தியா? சோத்த வேணா காக்கா தின்னும். சுருட்ட யாரு எடுப்பா? நம்ம ஆளுங்களத் தவிர ஒருத்தன் வராத எடம். அவன் இருக்கான்டி" என்பார். "ஆமா, வந்து நெருப்புப் பெட்டியும் கேக்கப் போறான்" என்று நான் கிண்டல் செய்வேன். உள்ளுக்குள் எனக்கும் ஒரு தைரியமாகத்தான் இருந்தது.

சட்டம் வந்தபோது நான் சொன்னேன். "சோறு வேணாங்க. சுருட்டு மட்டும் வைங்க. கேட்டுல பாத்தா என்ன ஆகும்?" "எல்லாருக்கும் வகுத்துல ஈரத்துணி, சாமிக்குமா?" என்றார். இஞ்சினைக் கேட்டில் நிறுத்தித் தடவுவதில்லை. காவல்காரனே கூட இருக்கிறானே என்று கையசைத்து விட்டுவிடுவார்கள். இவரும் கருவிப் பெட்டிக்குள் வாழையிலைப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு போய்க்கொண்டே இருந்தார். முனியைப் பட்டினி போட்டால் பெட்டி தடம் புரளும் என்று நம்புகிற மனுஷனிடம் சட்டத்தைச் சொல்லி என்ன செய்வது?

ஒருநாள் பகலில் இஞ்சின் திரும்பி வருகிற சத்தம் கேட்டது. கேட்டவுடனே தெரிந்துவிட்டது. ஓட்டுவது அவர் இல்லை. கியர் மாற்றும்போது அவர் கைக்கு இஞ்சின் முனகாது. அன்று நறநறவென்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தது. கொக்கிப் பையன்தான் ஓட்டிக்கொண்டு வந்தான். நான் கையைத் தூக்கியும் நிறுத்தத் தெரியாமல், காலிப் பெட்டிகளில் போய் மோதி நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை.

"அண்ணி, அண்ணன போலீஸ் புடிச்சிட்டுப் போயிட்டாங்க. முனிகிட்ட சோறு வெச்சத ரோந்து வந்த பட்ரோல்காரன் பாத்துட்டான்."

ஆபிஸுக்கு ஓடினேன். தோட்டத்துக் கணக்குப் பார்க்கிற கிராணி என்னைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் நல்ல செய்தி இல்லை என்று தோட்டத்துக்கே தெரியும்.

"கோலசிலாங்கூர் ஸ்டேசன்ல வெச்சிருக்காங்கம்மா. காட்டுக்காரனுக்குச் சோறு குடுத்தாருன்னு கேசு. அவரு இந்தியாவுல பொறந்தவரு. அதனால…" என்று மென்று விழுங்கினார்.

"அதனால என்னங்க? சொல்லுங்க."

"கப்பல்ல ஏத்தி அனுப்பிடுவாங்கம்மா."

தாய்ப்பால் குடித்துக்கொண்டு இங்கே வந்தவர். அந்த ஊரில் அவருக்கு ஒரு நாயைக்கூடத் தெரியாது. நான் இங்கே பிறந்தவள். அவரை அங்கே இறக்கிவிட்டால் என்னை யார் ஏற்றுவார்கள்? அவர் எங்கே போய் நிற்பார்?  அதைவிட மோசம் கிராணி அடுத்துச் சொன்னது: அவர் தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டிருக்கிறார். வெள்ளைக்கார அதிகாரி, "சோற்றை யார் தின்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறார். "முனி" என்றிருக்கிறார் இவர். "எப்படித் தெரியும்?" என்றதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "சுருட்டும் தெனமும் காணாமப் போவுது தொரை, அதான் சாட்சி" என்றிருக்கிறார். அட பாவி மனுஷா! சாமிக்குச் சாட்சி சொல்கிறேன் என்று தன் கழுத்துக்குத் தானே கயிறு எடுத்துக் கொடுத்தாரே. தினமும் ஆள் வந்து எடுத்துப் போகிறான் என்றுதானே அந்த அதிகாரி எழுதிக்கொள்வார்?

யார்டுக்குத் திரும்பியபோது அந்த மலாய்க்காரத் தம்பி மணல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றான். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எனக்குக் கோபம் உச்சி மண்டையில் ஏறிவிட்டது.

"நீதானே சொல்லிக் குடுத்தே? தெனமும் கூடப் போயி, கூட வந்து, அக்கா அக்கான்னு என் கையால காப்பி வாங்கிக் குடிச்சியே. நீ நல்லா இருப்பியா?"

"இல்ல அக்கா. நான் ஒண்ணும் பேசல லா."

"பேசல இல்ல? அப்ப ஏன் மூஞ்சத் திருப்புற?"

அவன் துப்பாக்கி வாரைத் திருகிக்கொண்டே நின்றான். நான் என்னென்ன சொன்னேன் என்று எழுதினால் இந்தப் பக்கம் தாங்காது. லயமே வந்து வேடிக்கை பார்த்தது.

அடுத்த நாளும் பையன்தான் இஞ்சின் ஓட்டினான். ஓட்டினான் என்றா சொல்வது? தள்ள வேண்டியதை இழுத்தான், இழுக்க வேண்டியதைத் தள்ளினான். ஒரு பெட்டி தடம் புரண்டு கவிழ்ந்து யார்டெல்லாம் பழம். வெட்டிய குலைகள் காட்டில் குவிந்து கிடந்தன. செம்பனைப் பழம் காத்திருக்காது, எண்ணெய் கெட்டுப்போகும். தோட்டத்து மேனேஜர் துரைக்கு என் புருஷன்மேல் அக்கறையோ இல்லையோ, பழத்தின்மேல் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன். ஆபிஸ் வாசலில் போய் நின்று, கிராணியை விட்டுச் சொல்லச் சொன்னேன்.

"மறுபடியும் சோறும் சுருட்டும் நானே வெக்கிறேன். அதிகாரி ஒளிஞ்சிருந்து பாக்கட்டும். யாரு வந்து திங்கிறான்னு அவரே கண்ணால பாக்கட்டும். ஆளு வந்தா எங்க ரெண்டு பேரையும் சேத்து என்ன வேணா செய்யட்டும்."

கிராணி பயந்துபோனார். "நெசமாவே எவனாச்சும் வந்துட்டா என்னம்மா செய்வே?" என்றார். அதை நான் யோசிக்காமல் இல்லை. இரவெல்லாம் அதைத்தான் யோசித்தேன். ஆனால் சும்மா உட்கார்ந்திருந்தால் கப்பல் வந்துவிடும்.

துரை போலீஸுக்குப் பேசினார். மறுநாள் காலையில் அதிகாரியே வந்தார். சிவந்த முகம், வியர்வை வழிந்துகொண்டே இருந்தது. ஆள் வந்தால் பிடிக்கலாம் என்ற ஆசை அவருக்கு. பையன் இஞ்சினை ஓட்ட, அதிகாரி, கிராணி, இரண்டு போலீஸ்காரர்கள், அந்தத் தம்பி, நான் எல்லோரும் போனோம். மரத்தடியில் இலையை விரித்துச் சோற்றை வைத்தேன். பக்கத்தில் சுருட்டை வைத்தேன். "என் மானத்த வாங்கிடாத" என்று கும்பிட்டேன். எப்போதும் போல இஞ்சின் உள்ளே காட்டுக்குப் போனது. நாங்கள் மட்டும் சற்றுத் தள்ளி வாய்க்காலுக்குள் இறங்கிக் குனிந்துகொண்டோம்.

கொசு பிடுங்கித் தின்றது. அசையக் கூடாது என்று கை காட்டினார்கள். அசையாமல் இருக்க எனக்கு முடியுமா? கால் விரல்களைச் சேற்றில் நெளித்துக்கொண்டே இருந்தேன். இலை சலசலத்தால் உயிர் போய் வந்தது. முதலில் காக்கை இரண்டு வந்தன. பிறகு புல் விலகியது. போலீஸ்காரன் துப்பாக்கியைத் தூக்கினான். என் கையை நானே கடித்துக்கொண்டேன்.

ஓர் உடும்பு. ஆள் நீளத்துக்கு ஓர் உடும்பு, நாக்கை நீட்டி நீட்டி, தன் வீட்டுக்கு வருவது போல நிதானமாக வந்து, சோற்றை முழுக்கத் தின்று, இலையையும் கிழித்துப் போட்டுவிட்டுப் போனது.

அதிகாரி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். போலீஸ்காரர்களும் சிரித்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. தப்பித்தோமடா சாமி என்று எழுந்தேன். அதிகாரி மரத்தடிக்குப் போனார். குனிந்து பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. கிராணியிடம் ஏதோ கேட்டார். கிராணி கண்ணாடியைக் கழற்றினார்.

"சோத்த உடும்பு தின்னுடுச்சு, சரி. சுருட்டு அப்படியே இருக்குதேன்னு கேக்குறாரும்மா. ஒன் புருசன் தெனமும் சுருட்டு காணாமப் போவுதுன்னு சொல்லியிருக்காரு. உடும்பு சுருட்டுக் குடிக்குமான்னு கேக்குறாரு."

 ஊரையே வாயால் அடக்குகிறவள் நான், என்ன சொல்வேன்? முனி எடுத்துக்கொள்ளும் என்று அவரிடம் சொல்லவா? அன்றைக்குப் பார்த்து முனி எடுக்கவில்லையே. கல்லின்மேல் அந்தச் சுருட்டு எல்லோருக்கும் முன்னால் கிடந்தது. என் புருஷன் கப்பலில் ஏறுவதைப் பார்த்துவிட்டேன்.

அப்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"சாயா யாங் அம்பில், துவான்."

நான்தான் எடுத்தேன், ஐயா என்று பொருள். அந்தத் தம்பி நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தான். 

மலாயில் மளமளவென்று சொன்னான். இஞ்சின் உள்ளே பழம் ஏற்றப் போகும்போதெல்லாம் தண்டவாளப் பிரிவை எவனும் பெயர்க்காமல் இருக்க அவன் மட்டும் இங்கே காவலுக்கு நிற்பான். அது எங்களுக்கும் தெரியும். இன்னொரு சாமிக்கு வைத்ததை அவன் தொடுவான் என்றுதான் யாரும் நினைக்கவில்லை. ஒருநாள் தனியாக நிற்கப் பயமாக இருந்ததாம். சுருட்டைப் பார்த்தானாம். பிடித்தானாம். பிறகு தினமும். சோறு வைப்பது தெரிந்தும் மேலிடத்துக்குச் சொல்லவில்லையாம். சொன்னால் இஞ்சின்காரருக்கு ஆபத்து என்று. இத்தனை நாளாய் வேறு ஆள் யாரும் வரவே இல்லை, அது நிச்சயம் என்றான்.

அதிகாரி அவனிடம் கையை நீட்டினார்.  தம்பி துப்பாக்கியைக் கழற்றிக் கொடுத்தான்.

திரும்பும்போது எல்லோரும் இஞ்சினில் ஏறிவிட்டார்கள். நான் மட்டும் கல்லுக்குப் போய் அந்தச் சுருட்டை எடுத்து மடியில் செருகிக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்று அப்போது தெரியாது. அந்தத் தம்பி என் முகத்தைப் பார்க்கவில்லை. லயமே பார்க்க அவனைத் திட்டியவள் நான். பேச எனக்கு வாய் ஏது?

மறுநாள் நடுப்பகலில் போலீஸ் வண்டி யார்டுக்குள் வந்து நின்றது. என் வீட்டுக்காரர் இறங்கினார். தாடியும் அழுக்குமாக, இளைத்துப்போய். அதே வண்டியில் ஏற அந்தத் தம்பி துணிப்பையோடு நின்றிருந்தான். அம்பாங் பெச்சா பக்கத்து மலை ரோட்டில் லோரிகளுக்குக் காவலாகப் போடுகிறார்களாம். அந்த ரோட்டைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். காட்டுக்காரர்கள் வாரத்துக்கு ஒரு லோரியையாவது சுடுவார்கள். அவன் பெண்டாட்டி கம்பத்துப் பாதையில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை இன்னும் என்னை ஓரிடத்தில் உட்கார விடுவதில்லை.

நான் ஓடினேன். வண்டி கிளம்புவதற்குள் மடியிலிருந்த சுருட்டை எடுத்து அவன் கையில் வைத்தேன்.

"தம்பி, பத்திரமாப் போ. திரும்பி வா" என்றேன். 

அவன் வலது கையால் வாங்கி, நெஞ்சில் தொட்டுக்கொண்டு, சட்டைப் பையில் வைத்தான். "சரி அக்கா" என்றான். வண்டி போய்விட்டது.

என் வீட்டுக்காரருக்கு நடந்தது ஒன்றும் தெரியாது. ஸ்டேஷனில் யாரும் சொல்லவில்லை. முனிதான் காப்பாற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தார். சாப்பிட்டீங்களா என்று நான் கேட்பதற்குள் என் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்டார்.

"நான் இல்லாதப்ப சுருட்டு வெச்சீங்களா? எடுத்துக்கிச்சா?"

வண்டி போன பக்கம் செம்மண் தூசி இன்னும் அடங்கவில்லை.

"எடுத்துக்கிச்சு. இன்னிக்கு நானே கையில குடுத்தேன்" என்றேன்.